அடுப்பேறாத இனிப்பு

விதை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் தேங்காய்த் துருவலையும் இடித்துப் பிசைந்து உருட்டினால் ஓர் இனிப்பு கிடைக்கிறது. பாகு காய்ச்ச வேண்டாம், பதம் பார்க்க வேண்டாம், அடுப்பே வேண்டாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் நோன்பு நாட்களுக்கும் பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். சர்க்கரைக்குப் பயந்த தமிழ்நாட்டு வீடுகளில் தீபாவளித் தட்டுக்கும் வந்துவிட்டது. சமையல் குறிப்பாக எழுதினால் அரைப் பக்கத்தில் முடியும். ஆனால் சமய நூல்களின் முன்னால் கொண்டுபோய் வைத்தால் இந்த உருண்டை ஒரு கேள்வியை எழுப்புகிறது. இது சமைத்த உணவா, சமைக்காத உணவா? யார் செய்யலாம், யார் கையிலிருந்து யார் வாங்கலாம், எந்த நாளில் தின்னலாம், தின்றபின் மறுபடி கைகால் கழுவ வேண்டுமா என்பதெல்லாம் பல மரபுகளில் இந்த ஒரு விடையைப் பொறுத்தே முடிவாகியிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். கால் கிலோ பேரீச்சைக்கு ஒரு கிண்ணம் துருவல் கணக்கு. பழம் விரலால் அமுக்கினால் குழைய வேண்டும். காய்ந்து சுருங்கியதை இடித்தால் தோல் தனியாகவும் சதை தனியாகவும் உலக்கையில் ஒட்டிக்கொண்டு வரும், சேராது. பழத்தைக் கீறி விதையை எடுக்கும்போதே உள்ளே பூச்சியோ கறுத்த தூளோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் முதலில் துண்டு துண்டாகச் சிதறும். ஒரு கட்டத்தில் சட்டென்று ஒரே உருண்டையாகத் திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுக்கொண்டு வரும். அப்போது துருவல், ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் நெய் தொட்டு உருட்டி, உலர்ந்த துருவலில் புரட்டி எடுக்க வேண்டும். பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அது தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு ஈரம் எட்டுவதில்லை. பச்சைத் தேங்காயில் பாதிக்கு அருகில் தண்ணீர். அதைச் சேர்த்தால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், மறுநாள் ஊசிப்போகும். கொப்பரைத் துருவல் போட்டால் வாரக்கணக்கில் நிற்கும்.

நெருப்பில்லாமலும் ஒரு பொருள் பக்குவப்படும் என்பதை இந்திய அறநூல்கள் தெரிந்தே வைத்திருந்தன. காட்டுக்குப் போன வானப்பிரஸ்தன் என்ன உண்ணலாம் என்று சொல்லும் மனுஸ்மிருதியின் 6-ஆம் அத்தியாயம் அவனுக்கு இரண்டு வழி விடுகிறது. தீயில் வெந்ததை உண்ணலாம். அல்லது காலத்தில் பழுத்ததை உண்ணலாம். அதே சுலோகம் தானியத்தைக் கல்லால் இடித்துத் தின்பவனையும், தன் பற்களையே உரலாகக் கொண்டவனையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் கணக்கில் பேரீச்சை காலம் சமைத்த உணவு. அரபு நிலத்தில் அதன் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: பச்சைக் காயாகக் கிம்ரி, நிறம் ஏறிக் கடினமாக இருக்கையில் கலால், நுனியிலிருந்து இளகத் தொடங்கியதும் ருதப், சுருங்கி உலர்ந்தபின் தம்ர். கடைசிப் பருவத்தில் பழம் மரத்திலேயே பாகாகி நிற்கிறது. கரும்புச் சாற்றுக்குக் கொப்பரையும் விறகும் செய்கிற வேலையைப் பேரீச்சைக்குக் கோடை வெயில் செய்துவிடுகிறது.

மானிடவியலாளர் குளோட் லெவி-ஸ்ட்ராஸ் 1964-இல் வெளியிட்ட ‘பச்சையும் சமைத்ததும்’ என்ற நூல் பிரேசில் பழங்குடிகளின் புராணங்களை வைத்துக்கொண்டு, பச்சை உணவு இயற்கையின் பக்கம், சமைத்தது பண்பாட்டின் பக்கம் என்று பிரித்தது. பின்னால் அவர் மூன்றாவதாக அழுகலையும் சேர்த்தார். பச்சையை மனிதன் தொட்டால் சமையல், இயற்கை தொட்டால் அழுகல். அழகான முக்கோணம்தான். ஆனால் உலர்ந்த பேரீச்சை அதில் எந்த மூலையிலும் ஒழுங்காக உட்காராது. அதை மாற்றியது இயற்கை, ஆனால் கெடுத்து அல்ல, கெடாமல் காத்து. வானப்பிரஸ்தனுக்கு உணவு வகுத்தவர்கள் இந்த வகையில் பாரிஸ் பேராசிரியரைவிட நுட்பமாகவே பார்த்திருக்கிறார்கள்.

அந்த நுட்பத்தை அவர்கள் வேறோர் இடத்தில் பயன்படுத்திய விதம் அவ்வளவு இனிப்பானது அல்ல. அதே மனுஸ்மிருதியின் 4-ஆம் அத்தியாயம், சிராத்தம் செய்யாத சூத்திரன் சமைத்த சோற்றைக் கற்றறிந்த பிராமணன் உண்ணக் கூடாது என்கிறது. பிழைக்க வேறு வழியில்லாதபோது அவனிடமிருந்தே ஓர் இரவுக்குப் போதுமான தானியத்தைப் பச்சையாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அரிசி ஒன்றுதான், விளைவித்த கையும் ஒன்றுதான். அடுப்பில் ஏறி இறங்கியதும் அது சமைத்தவனின் உணவாகிவிடுகிறது, ஏறுவதற்கு முன்னால் அது வெறும் அரிசி. நெருப்பு உணவைத் தூய்மைப்படுத்துகிறது என்று ஒருபுறம் வேள்வி பேசுகிறது. மறுபுறம் இந்த விதி, நெருப்புத்தான் உணவைச் சமைத்தவனோடு பிணைக்கிறது என்று கருதுகிறது. இரண்டும் ஒரே நூல் மரபில் அருகருகே வாழ்கின்றன.

கோயிலில் இதன் நிழல் தெளிவாக விழுகிறது. பக்தர் கொண்டுபோகும் அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, சூடம். எல்லாம் அடுப்பேறாதவை. தேங்காய்க்கு ஓடு, வாழைப்பழத்துக்குத் தோல். கொண்டுவந்தவரின் கை உண்ணும் பகுதியைத் தொட்டதே இல்லை. சர்க்கரைப் பொங்கலோ புளியோதரையோ என்றால் கதை வேறு. அது மடைப்பள்ளியில், அதற்கென்று நியமிக்கப்பட்டவர் கையால் ஆக வேண்டும். வீட்டில் எவ்வளவு மடியாகச் செய்து தூக்கில் கொண்டுபோனாலும் ஆகமக் கோயிலின் கருவறைக்குள் அது நுழையாது. வாழையும் தென்னையும் ஏன் என்பதற்கு மக்கள் வழக்கில் ஒரு விளக்கம் உண்டு: மா, பலா போலத் தின்று துப்பிய கொட்டையிலிருந்து அவை முளைப்பதில்லை, ஆகவே எச்சில் படாதவை. இந்தத் தர்க்கத்தைக் கறாராகப் பிடித்தால் பேரீச்சை தேறாது. துப்பிய விதை நன்றாகவே முளைக்கும். ஆனாலும் பஞ்சாமிர்தத்தில் சேர்ந்து பழனி ஆண்டவருக்கு அது போகிறது. மக்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் வழக்கத்துக்குப் பின்னால் வந்து சேர்பவை.

யூத மரபு வேறு நிலத்தில், வேறு காரணங்களுக்காக இதே இடத்துக்கு வந்திருக்கிறது. பிற இனத்தார் சமைத்ததை யூதர் உண்ணக் கூடாது என்று ரபிகள் ஒரு தடை விதித்தார்கள். கூடி உண்பது கூடி வாழ்வதற்கும் மணம் கொள்வதற்கும் இட்டுச் செல்லும் என்பது அவர்களின் கவலை. பாபிலோனியத் தால்முதின் அவோதா சாரா பகுதி அந்தத் தடைக்கு எல்லை வகுக்கிறது. பச்சையாகவே உண்ணக் கூடிய பொருளுக்கு இந்தத் தடை கிடையாது, அதை யார் வேகவைத்திருந்தாலும் சரி. அரசர் பந்தியில் வைக்கத் தகாத எளிய பண்டத்துக்கும் கிடையாது. அதாவது பேரீச்சம்பழம் இங்கேயும் தப்பிவிடுகிறது. மனுவின் விதியில் மேல் கீழ் உண்டு. ரபிகளின் விதியில் உள்ளே வெளியே உண்டு. நோக்கம் வேறாக இருந்தும், வேலியைத் தாண்டிப் போக அனுமதிக்கப்பட்ட உணவு இரண்டு இடத்திலும் அடுப்பை நம்பாத உணவே.

இதிலிருந்து ஒன்று பெறப்படுகிறது. நெருப்புப் பற்றிய விதிகள் பெரும்பாலும் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. கையைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. வெப்பம்தான் அளவுகோல் என்றால், ‘அடுப்பேறாதது’ என்று சொல்லப்படும் பல பண்டங்கள் அந்தப் பெயருக்குத் தகுதி பெறா. வெல்லம் மணிக்கணக்கில் கொதித்தது. நெய் உருக்கியது. அவல் வறுத்து இடித்தது. கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் உலர் தேங்காய்த் துருவல் ஆவியில் காட்டிச் சூடான காற்றில் உலர்த்தியது. இவற்றையெல்லாம் சேர்த்துச் செய்த உருண்டையை நெருப்புப் படாதது என்று யாரும் கூசாமல் சொல்கிறார்கள். முகம் தெரியாத ஆலையில் எரிந்த நெருப்புக்குச் சாதி இல்லை, அதனால் அது கணக்கில் வருவதில்லை. பக்கத்து வீட்டு அடுப்பு எரிந்தால் மட்டும் கணக்கு.

அடுப்பைத் தவிர்த்து வேலியைத் தாண்டுவது ஒரு வழி. அடுப்பையே பொதுவாக்குவது இன்னொரு வழி. தமிழகத்தில் இரண்டாவது வழிக்குப் போராட வேண்டியிருந்தது. 1920-களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி என்பது வெளியே தெரிந்தபோது, அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு அந்தக் கட்சியையே உலுக்கியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1867-இல், வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியிருந்தார். சாதி, சமயம் கேட்காமல் பசித்தவர்களுக்குச் சோறு போடும் அந்த அடுப்பு இன்றுவரை அணையவிடாமல் காக்கப்படுகிறது. பச்சரிசியும் பழமும் மட்டும் கைமாறும் சமூகம், சோறு கைமாறாத சமூகம். அந்த உண்மையை வடலூர் அடுப்பு நேராகச் சந்தித்தது. பெரியபுராணத்துக் கண்ணப்பர் இதற்கும் முன்னோடி. காட்டுப் பன்றியின் இறைச்சியைத் தீயில் வதக்கி, பதம் சரியா என்று வாயிலிட்டுப் பார்த்து, அந்த எச்சிலையே காளத்தி நாதருக்குப் படைத்தார். நெருப்பு, எச்சில், ஊன் என்று விலக்கப்பட்ட மூன்றும் ஒரே படையலில்.

தமிழ் வீடுகளின் நெருப்பில்லாப் படையல்களில் இந்தச் சாதிக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்று முடிவுகட்டவும் முடியாது. ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. மூன்றும் அடுப்பேறாதவை, பருப்பு ஊறினால் போதும். சித்திரை வெயில் நெருங்கும் நாளில் சமையற்கட்டில் நிற்பவருக்குக் கிடைக்கும் விடுமுறையும் இதில் அடக்கம். ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி: ஊறிய பச்சரிசியில் வெல்லமும் தேங்காய்ப் பல்லும் எள்ளும் கலந்து ஆற்றங்கரையில் கையில் கொடுப்பது. முருகனுக்குத் தேனும் தினைமாவும். குறிஞ்சி நிலத்தின் உணவு அப்படியே மலைக் கடவுளின் உணவாயிற்று.

இவற்றில் மாவிளக்கு தனித்து நிற்கிறது. பச்சரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்குள் இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைவார்கள். உருண்டையின் தலையில் கட்டைவிரலால் குழி அமுக்கி, நெய்யை விட்டுத் திரியைப் போட்டு ஏற்றுவார்கள். புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்கும், ஆடியில் மாரியம்மனுக்கும். மாவு வேகவில்லை, ஆனால் அதன் உச்சியில் தீ நின்று எரிகிறது. எரிந்து முடியும் தறுவாயில் குழியைச் சுற்றி வெல்லம் இளகிப் பழுப்பேறும், நெய் மாவுக்குள் இறங்கும். விளக்கு மலையேறிய பின் அந்தக் கருகிய இடத்தைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். சமைத்தது, சமைக்காதது என்று நூல்கள் பிரித்த கோட்டை இந்த உருண்டை பொருட்படுத்துவதில்லை. இங்கே நெருப்பு சமையற்காரரின் கருவி என்ற நிலையிலிருந்து விலகி, தெய்வத்தின் முன் வைத்த காணிக்கையாகிவிட்டது.

பழனிப் பஞ்சாமிர்தத்தில் பேரீச்சைக்கு நிலையான இடம் உண்டு. விருப்பாச்சி மலை வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு விதை நீக்கிய பேரீச்சையும் கற்கண்டும் சேர்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, பதப்படுத்தும் பொருளும் இல்லை. விருப்பாச்சிப் பழத்தில் ஈரம் குறைவு, மற்றவையெல்லாம் ஈரத்தைப் பிடித்துவைப்பவை. கெடாமல் இருப்பதன் இரகசியம் அவ்வளவே. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகக் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அது முதல் முறை. அடிவாரத்திலும் மலையிலும் வாங்கிச் செல்பவர்கள் இதைத் தின்பண்டமாக நினைத்தாலும், முறைப்படி இது அபிஷேகப் பொருள், திருமேனியில் படவேண்டியது. அப்படிப் பார்த்தால் சுடச்சுட ஆக்கிய எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தாது. பாலைவனத்துப் பழமும் கொடைக்கானல் மலைச்சரிவுப் பழமும் ஒரே அண்டாவில் கலப்பதை எந்த சாஸ்திரமும் தடுக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

யெருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தில் இதற்கு நேர்மாறான தடை இருந்தது. லேவியராகமம் 2-ஆம் அதிகாரம், புளித்த மாவையும் தேனையும் கர்த்தருக்கு நெருப்பில் எரிக்கக் கூடாது என்கிறது. அடுத்த வசனமே அவற்றை முதற்பலனாகக் கொண்டுவரலாம், பீடத்தின் மேல் மட்டும் ஏற்றக் கூடாது என்று திருத்திக்கொள்கிறது. 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, பழத்தின் எந்த இனிப்பும் இந்தத் தேனில் அடங்கும் என்று உரை சொன்னார். ஆகவே பேரீச்சையின் பாகு கூடையில் வரலாம், தீயில் விழக் கூடாது. முதற்பலனுக்கு உரிய ஏழு விளைபொருள்களில் பேரீச்சை இருந்தது. மலைமேல் விளைந்த தரம் குறைந்த பேரீச்சையைக் கொண்டுவரக் கூடாது என்று ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா நிபந்தனையும் போட்டது. இனிப்பு ஏன் தீக்கு ஆகாது என்பதற்கு லேவியராகமம் காரணம் சொல்லவில்லை. பிற்காலத்தார் பலர் காரணம் கண்டுபிடித்தார்கள். நூல் மௌனமாக இருக்கும் இடத்தில் மௌனத்தை அப்படியே விட்டிருக்கலாம்.

இஸ்லாத்தில் நெருப்பும் உணவும் சந்திக்கும் இடம் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிக்கொள்வது. நெருப்புப் பட்டதை உண்டால் ஒளு முறிந்துவிடும், மறுபடி செய்ய வேண்டும் என்று ஒரு சாரார் நபிமொழியை மேற்கோள் காட்டினார்கள். நபி அவர்களின் கடைசி வழக்கம் அப்படிச் செய்யாமல் விடுவதாகவே இருந்தது என்று நபித்தோழர் ஜாபிர் அறிவித்ததை வைத்துப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் முன்னதை நீங்கிய விதியாகக் கொண்டார்கள். இடையில் நடந்த ஒரு வாதம் சுவையானது. இந்த விதியை நபித்தோழர் அபூஹுரைரா சொன்னபோது இன்னொரு தோழரான இப்னு அப்பாஸ் குறுக்கிட்டு, அப்படியானால் எண்ணெய்க்கும் வெந்நீருக்கும்கூட ஒளு செய்ய வேண்டுமா என்று கேட்டார். நபிமொழியைக் கேட்டால் உவமானம் தேடிக்கொண்டிருக்காதே என்ற பொருளில் அபூஹுரைரா பதில் சொன்னார். தத்துவத்தில் நெடுங்காலமாக நடக்கும் சண்டை இரண்டு வரியில் முடிந்துவிட்டது: விதிக்குக் காரணம் தேடலாமா, கூடாதா. பேரீச்சையோ இந்த வாதத்துக்கு வெளியிலேயே இருந்தது. நோன்பு துறக்கக் கனிந்த பேரீச்சை, அது இல்லையேல் உலர்ந்தது, அதுவும் இல்லையேல் தண்ணீர் என்பது வழிமுறை. இரண்டு மாதம் தொடர்ந்து நபி அவர்களின் வீட்டில் அடுப்பு எரியாமல் போனதுண்டு என்றும், அப்போது பேரீச்சையும் தண்ணீருமே உணவு என்றும் நபியின் மனைவி ஆயிஷா அறிவித்தது ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. அங்கே அடுப்பேறாத உணவு என்பது மடியோ ஆசாரமோ இல்லை, வறுமை. இன்று பளபளக்கும் காகிதப் பெட்டியில் பரிசாகப் போகும் பேரீச்சை உருண்டைக்குப் பின்னால் அந்த வெறும் அடுப்பும் இருக்கிறது.

சமணத்துக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். இதுவரை பார்த்த மரபுகளில் பச்சை என்பது பாதுகாப்பானது. சமணத் துறவிக்கோ பச்சைதான் ஆபத்து. விதையுள்ள கனி, காய்ச்சாத தண்ணீர், முளைவிடக் கூடிய தானியம் எல்லாவற்றிலும் உயிர் இருக்கிறது. உயிர் நீங்கியதைத்தான் ஏற்க வேண்டும். அதற்கு நெருப்பு உதவுகிறது. ஆனால் நெருப்பே ஓர் உயிர்க் கூட்டம், தீயுடல் கொண்ட உயிர்கள் என்றும் அதே மரபு சொல்கிறது; அதனால் துறவி தாமே அடுப்பு மூட்டவும் கூடாது, தமக்கென்று மூட்டச் சொல்லவும் கூடாது. இல்லறத்தார் தங்களுக்காக ஆக்கியதில் ஒரு கவளம் மட்டும் கிடைக்கும். கொல்லும் வேலையை யாராவது ஒருவர் செய்துதான் ஆக வேண்டும் என்ற சிக்கலை வேறெந்தச் சமயமும் இவ்வளவு நேர்மையாக வெளியில் எடுத்து வைக்கவில்லை. பேரீச்சை உருண்டையில் தேன் சேர்த்தால் இல்லறத்துச் சமணருக்கும் ஆகாது. தேன் விலக்கப்பட்ட பொருள்.

பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநயம் இந்தச் சிக்கலை ஒரு நடைமுறையாகச் சுருக்கியது. பிக்கு கனி உண்பதற்கு ஐந்து வகையில் அது தகுதி பெறும் என்று அதன் ஒரு பகுதியான சுல்லவக்கம் பட்டியலிடுகிறது: தீப்பட்டது, கத்தி பட்டது, நகம் பட்டது, விதை உண்டாகாதது, விதை எடுக்கப்பட்டது. விதை எடுத்த பேரீச்சை ஐந்தாம் வகை. முளைக்கும் ஆற்றல் போய்விட்டது என்பதற்கு ஓர் அடையாளம் போதும், அடுப்புத் தேவையில்லை. கையிலிருக்கும் பழத்தைக் கீறி விதையைத் தட்டிவிடும் அந்தச் சின்ன வேலை, சமையற்கட்டில் வெறும் ஆயத்தம். விகாரையில் அது ஒரு சடங்குக்குச் சமம்.

அடுப்பைத் தவிர்த்தால் கை சுத்தம் என்று நினைப்பவர்களுக்கு மனுஸ்மிருதியின் 3-ஆம் அத்தியாயம் ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. இல்லறத்தான் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உள்ளன என்கிறது அது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், தண்ணீர்க் குடம். எறும்பும் புழுவும் தெரியாமல் சாகும் இடங்கள் இவை. பரிகாரமாகத்தான் தினசரி ஐந்து வேள்விகள் விதிக்கப்பட்டன. அடுப்பேறாத இனிப்பு இந்த ஐந்தில் ஒன்றைத்தான் தாண்டுகிறது. உரல் இருக்கிறது, மேடையைத் துடைக்கும் வேலை இருக்கிறது, கழுவத் தண்ணீர் இருக்கிறது. பகவத்கீதையின் 3-ஆம் அத்தியாயம் தனக்காகவே சமைப்பவன் பாவத்தை உண்கிறான் என்று சொல்லும்போது குற்றம் தீயில் இல்லை, யாருக்காக என்பதில் இருக்கிறது. 9-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் தனக்குப் போதும் என்று கேட்பவை இலை, பூ, பழம், நீர். நான்கும் அடுப்பு அறியாதவை, நான்கும் ஏழைக்கும் கிடைப்பவை. 15-ஆம் அத்தியாயத்திலோ உயிர்களின் வயிற்றில் தானே தீயாக இருந்து உணவைப் பக்குவம் செய்வதாகச் சொல்கிறான். வெளியே அடுப்பேறாத உருண்டைக்கும் உள்ளே ஓர் அடுப்புக் காத்திருக்கிறது.

சில நாட்களில் தீ மூட்டாமல் இருப்பதே விரதம். வட இந்தியாவில் சீதளா தேவிக்குரிய நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. முந்தின நாள் ஆக்கியதையே ஆறவைத்து உண்பார்கள், அம்மைத் தெய்வத்துக்குச் சூடு ஆகாது என்பதால். தமிழ் வீடுகளில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. யூதர்களின் ஓய்வு நாளில் தீ மூட்டுவதும் சமைப்பதும் தடை. பண்டிகை நாட்களில் உண்பதற்காகச் சமைக்க மட்டும் யாத்திராகமம் விதிவிலக்கு அளிக்கிறது. அடுப்பில்லா இனிப்பு ஓய்வு நாளுக்கென்றே பிறந்தது போலத் தோன்றும், ஆனால் அங்கேயும் வழி அடைபட்டிருக்கிறது. மிஷ்னா வகுத்த 39 தடைசெய்யப்பட்ட வேலைகளில் அரைப்பதும் பிசைவதும் சுடுவதும் தனித்தனி வேலைகள். பேரீச்சையை அரைத்துப் பிசைந்தால் அடுப்பைத் தொடாமலே இரண்டு குற்றம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் உருட்டி வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்து உண்ணலாம்.

பஸ்காப் பண்டிகைக்கு யூதர்கள் செய்யும் ஹரோசெத் பேரீச்சை உருண்டைக்கு நெருங்கிய உறவு. எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த களிமண்ணை நினைவூட்டும் பழக் கலவை அது. யேமன், ஈராக் யூதர்கள் அதைப் பேரீச்சையில் செய்வார்கள். ஐரோப்பிய யூதர்கள் ஆப்பிளில் செய்வார்கள். கசப்புக் கீரையைத் தொட்டுத் தின்ன வைத்திருப்பது என்றாலும் இனிப்பாகவே இருக்கும். கொடுமையின் நினைவை ஏன் தித்திப்பாகச் செய்ய வேண்டும் என்ற கேள்வி அந்தப் பந்தியில் ஆண்டுதோறும் யார் வாயிலிருந்தாவது வரக்கூடியதுதான்.

விரதத் தட்டில் இந்த உருண்டைக்கு இடம் உண்டா என்பது கடைசியில் சேர்மானத்தைப் பொறுத்தது. ஏகாதசிக்குத் தானியம் விலக்கு. பேரீச்சை, தேங்காய், ஏலம், முந்திரி மட்டும் என்றால் தடையில்லை. பஸ்காவுக்குப் புளித்த மாவு விலக்கு; அங்கும் தடையில்லை. விடுமுறைக் காலச் செய்முறைகளில் கெட்டிப்படுவதற்காகச் சேர்க்கும் பிஸ்கட் தூளோ ஓட்ஸோ வந்துவிட்டால் ஏகாதசியும் போயிற்று, பஸ்காவும் போயிற்று. பிஸ்கட் ஏற்கெனவே எங்கோ ஓர் அடுமனையில் வெந்தும் வந்திருக்கிறது. கெட்டி போதவில்லை என்றால் வறுக்காத பாதாமைப் பொடித்துப் போடலாம், அல்லது உருட்டிய பின் அரை நாள் குளிரில் வைக்கலாம். பேரீச்சையின் பசையே பிடித்துக்கொள்ளும்.